உஷார்! ஆசிரியர் வேலைக்கு விலை பேச வருகிறார்கள்

எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை, கீழ ஈரால், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி. இந்தக் கரிசல் வட்டாரத்தில் பி.எட். அல்லது டி.டி.எட். முடித்த பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த எச்சரிக்கை. “ஒங்க மகளுக்கு டீச்சர் போஸ்டிங் ஒண்ணு ரெடியா இருக்கு அண்ணாச்சி. மேலிடத்துல பேசியாச்சு. அட்வான்ஸ் மட்டும் இப்போ போட்டுருங்க” என்று யார் வந்து உட்கார்ந்தாலும் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழைக் கையில் தராதீர்கள்.

இந்தப் புரோக்கர் வருகிற நேரத்தைக் கவனியுங்கள். புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் காசாவது தை, மாசியில். பள்ளிக்கூடங்கள் ஆள் எடுப்பது ஏப்ரல், மே மாதங்களில். வீட்டில் கொஞ்சம் பணம் நடமாடுகிறது, பிள்ளையோ வேலையில்லாமல் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்கிற நேரம்தான் புரோக்கருக்குச் சீசன். அவர் கேட்கும் லட்சங்கள் மானாவாரி விவசாயியிடம் ரொக்கமாக இருக்காது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கட்டிய சீட்டு, தாலிக்கொடி தவிர்த்த மிச்ச நகை, ஊருக்கு மேற்கே கிடக்கிற இரண்டு ஏக்கர் என எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தொகை ஆகும். அது போனால் அந்தக் குடும்பம் எழுந்திருக்கப் பல வருஷம் ஆகும். அதனால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

அரசு வேலை: எந்த வாசல் வழியாக வருகிறது?

ஏமாறுகிறவர்களில் பெரும்பாலானோர் நியமனம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்கள். நடைமுறை தெரிந்துவிட்டால் புரோக்கர் சொல்கிற கதை நிற்காது.

அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் பணியிடங்களுக்கு நேரடி நியமனத்துக்காக ஆள் தேர்வு செய்வது ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது நாம் சொல்கிற டிஆர்பி. கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி, 1 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டு 23 அன்று அறிவித்தது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12 அன்று நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர்தான். அன்று ஏற்பட்ட பயம் இன்னும் போகவில்லை. “படிச்சு பாஸ் பண்ண முடியாது, பணம் கொடுத்தாத்தான் நடக்கும்” என்ற பேச்சு அந்தப் பயத்தில் பிறந்தது. அந்தப் பேச்சுதான் இன்றைக்கும் புரோக்கரின் முதலீடு.

அதற்குப் பிறகு பல முறை விதி மாறியது. முதலில், படிப்பு மதிப்பெண்ணையும் டெட் மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரவரிசை போடும் வெயிட்டேஜ் முறை இருந்தது. 2018 ஜூலையில் வந்த அரசாணை 149 அதை எடுத்துவிட்டு, டெட் தேறியவர்கள் நியமனத்துக்கென்று தனிப் போட்டித் தேர்வு ஒன்றை எழுத வேண்டும் என்றது. அதன்படி பட்டதாரி ஆசிரியர்களுக்கு 2024 பிப்ரவரி 4 அன்றும், இடைநிலை ஆசிரியர்களுக்கு 2024 ஜூலை 21 அன்றும் தேர்வு நடந்தது. ஆக, டெட் தேர்ச்சி என்பது தகுதி மட்டுமே. அது போஸ்டிங் ஆகாது. “டெட் பாஸ் ஆயிட்டால்ல, இனி போஸ்டிங்கை நான் பாத்துக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நடைமுறை தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். போட்டித் தேர்வு, மதிப்பெண், இனச்சுழற்சி, சான்றிதழ் சரிபார்ப்பு, தேர்வுப் பட்டியல், கலந்தாய்வு. நடுவில் எந்த இடத்திலும் தனி ஆள் ஒருவர் உங்கள் பெயரைச் சட்டப்படி செருக வழியில்லை.

அரசு உங்களிடம் கேட்பது தேர்வுக் கட்டணம் மட்டும்தான். 2025 டெட் தேர்வுக்கு அது 600 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 300 ரூபாய். அதையும் டிஆர்பி இணையதளத்தில்தான் கட்ட வேண்டும். இதற்கு மேல் எவர் எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடி.

பணத்தை நம்பியவர்கள் கதி

“நடுவுல ஆளைப் பிடிச்சு மார்க்கைக் கூட்டினவங்க இருக்காங்கல்ல?” என்று கேட்பீர்கள். இருந்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு பாலிடெக்னிக் கல்லூரிகளில் 1,058 விரிவுரையாளர் பணியிடங்களுக்கு டிஆர்பி 2017 செப்டம்பர் 16 அன்று தேர்வு நடத்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். முடிவு வந்த பிறகு, ஓ.எம்.ஆர். விடைத்தாளில் இருந்த மதிப்பெண்ணும் பட்டியலில் இருந்த மதிப்பெண்ணும் பலருக்கு ஒத்துப்போகவில்லை. 196 பேரின் மதிப்பெண் திருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. சென்னை மத்தியக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது, கைதுகள் நடந்தன. 2018 பிப்ரவரியில் தேர்வே ரத்தானது. அந்த 196 பேரும் டிஆர்பி தேர்வு எழுதவே முடியாதபடி தடைக்கு ஆளானார்கள். மறுதேர்வு நடந்தது 2021 டிசம்பரில். உண்மையாகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தவர்கள் நான்கு வருஷத்துக்கும் மேல் காத்துக் கிடந்தார்கள். குறுக்கு வழியில் போனவர்கள் தங்கள் வாழ்க்கையோடு சேர்த்து, அடுத்த பெஞ்சில் நேர்மையாக எழுதிய பிள்ளையின் நான்கு வருஷத்தையும் அழித்தார்கள்.

இன்னொன்று நமக்குப் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில், ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதிய பலர் முன்னணி இடங்களுக்கு வந்தார்கள். வெளி மாவட்டத்தவர்கள் அங்கே போய் எழுதியது ஏன் என்று தோண்டியபோது, சிறிது நேரத்தில் எழுத்து மறைந்துபோகும் மையால் விடையைக் குறித்துவிட்டு வந்ததும், பிறகு வேறு ஆட்கள் சரியான விடையை நிரப்பியதும் வெளிவந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை. சிபிசிஐடி பிடித்தவர்களில் புரோக்கர்களோடு பணம் கொடுத்துத் தேர்வெழுதியவர்களும் இருந்தார்கள்.

இரண்டிலும் ஒரே பாடம். புரோக்கர் பொய் சொன்னால் உங்கள் பணம் போகும். உண்மையாகவே ஏதோ செய்துவிட்டால் உங்கள் பிள்ளை குற்றவாளிப் பட்டியலில் ஏறும். மூன்றாவதாக ஒரு முடிவு கிடையாது.

எய்டெடு பள்ளி: இந்தப் பக்கத்தின் பெரிய குழி

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அவற்றில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு. இந்த இடைவெளியில்தான் ‘டொனேஷன்’ பேரம் நடக்கிறது. “எய்டெடு போஸ்ட், கவர்மென்ட் சம்பளம், சாகுற வரைக்கும் கவலையில்லை” என்று சொல்லும்போது அப்பாக்களின் கண் விரியும். சொல்லாமல் விடுகிற விஷயங்களைக் கேளுங்கள்.

நிர்வாகம் நியமன ஆணை கொடுத்தால் மட்டும் அரசுச் சம்பளம் வராது. கல்வித்துறையின் ஒப்புதல், நாம் சொல்கிற அப்ரூவல், வர வேண்டும். அப்ரூவல் வர அந்தப் பணியிடம் அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அது ஆகஸ்டு 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கும் பணியாளர் நிர்ணயத்தில் தீர்மானமாகிறது. தொடக்கப் பள்ளியில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. நம் ஊர்களைச் சுற்றிப் பாருங்கள். மழை பொய்த்து ஜனங்கள் கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கிற பிள்ளைகளை மெட்ரிக் பள்ளி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் ‘உபரி’ ஆகிவிடும். பிறகு அப்ரூவல் எங்கிருந்து வரும்?

அப்ரூவல் வராத ஆசிரியர் தினமும் பள்ளிக்குப் போவார், பாடம் நடத்துவார், தேர்வுத் தாள் திருத்துவார். நிர்வாகம் கையில் கொடுக்கிற சொற்பத் தொகைதான் வருமானம். “வழக்குப் போட்டிருக்கோம், வந்துரும்” என்று வருஷங்கள் ஓடும். கட்டிய லட்சங்களை விட்டுவிட்டு வர மனசு வராது, வேறு தேர்வுக்குப் படிக்க நேரமும் இருக்காது. காய்ந்த கரிசல் வெடிப்பில் ஊற்றிய தண்ணீர்போல அந்தப் பணமும் வயசும் உள்ளே போய்விடும்.

எய்டெடு பள்ளியில் நேர்மையாக அழைப்பு வந்தால் தாராளமாகப் போங்கள். எத்தனையோ நல்ல நிர்வாகங்கள் தகுதியைப் பார்த்து எடுக்கின்றன. ஆனால் போகும் முன் தாளாளரிடம் இவற்றைக் கேளுங்கள்: இந்தப் பணியிடம் யார் ஓய்வு பெற்றதால், எந்தத் தேதியில் காலியானது? கடைசிப் பணியாளர் நிர்ணய ஆணையில் இது இருக்கிறதா? நிரப்பக் கல்வித்துறையின் அனுமதி உண்டா? இதே பள்ளியில் அப்ரூவலுக்குக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்? வாயால் பதில் சொன்னால் போதாது, தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு ஒன்றை மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்குப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். லட்சக்கணக்கில் கொடுக்கத் துணிகிற அப்பா 10 ரூபாய் மனுவுக்கு ஒரு மாதம் பொறுக்கலாம்.

“புரோநோட்டு எழுதி வாங்கிட்டோம், செக் வாங்கி வச்சிருக்கோம்” என்ற தைரியமும் வேண்டாம். சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 23. வேலைக்காகக் கொடுத்த லஞ்சம் என்று தெரிந்தால், அந்தப் புரோநோட்டை நம்பி நீதிமன்றத்தில் பணத்தை மீட்பது கடினம்.

தற்காலிகப் பணிக்கும் விலை வைப்பார்கள்

2022 ஜூனில், காலியாக இருந்த 13,331 ஆசிரியர் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தது. அப்போது அறிவித்த மாதத் தொகுப்பூதியம் இடைநிலைக்கு 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. இப்படி வரும் பணிகளையும் “உள்ளே நுழைஞ்சிட்டா அப்புறம் பெர்மனென்ட் ஆக்கிருவாங்க” என்று சொல்லி விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. 2012இல் தேர்வான பகுதிநேர ஆசிரியர்களைக் கேளுங்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பணியிடங்கள், ஆரம்பச் சம்பளம் 5,000 ரூபாய். பத்து வருஷம் தாண்டியும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தற்காலிகப் பணியை அனுபவத்துக்காக ஏற்கலாம். நிரந்தரம் என்று நம்பிப் பணம் கட்டக் கூடாது.

மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகளில் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான புது ஆசிரியர்களுக்கு முதல் வேலை தனியார் பள்ளியில்தான். அங்கே ஆபத்து வேறு மாதிரி.

முதலாவது, அசல் சான்றிதழ். “வருஷம் முடியுற வரை எங்ககிட்ட இருக்கட்டும்” என்று வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் டிஆர்பி சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தால் நீங்கள் தாளாளர் அறை வாசலில் நிற்க வேண்டும். சான்றிதழைப் பிணையாகப் பிடித்துவைக்கும் உரிமை நிர்வாகத்துக்குக் கிடையாது. அசலைக் காட்டுங்கள், சரிபார்த்த பிறகு அங்கேயே திரும்ப வாங்குங்கள். நகலில் கையெழுத்துப் போட்டு, எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தது என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, சம்பளம். வங்கிக் கணக்கில் ஒரு தொகை போட்டு, அதில் பாதியைக் கையில் திரும்பக் கேட்பதும், ஏடிஎம் கார்டை ஆபீசிலேயே வாங்கி வைத்துக்கொள்வதும் சில இடங்களில் நடக்கிறது. கார்டையோ ரகசிய எண்ணையோ எவரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் ஓடும் கணக்குக்கு நீங்கள்தான் பொறுப்பு.

மூன்றாவது, எழுத்தில் எதுவும் இல்லாத நியமனம். சேரும் முன்பே கேட்க வேண்டியவை: நியமன ஆணை தருவீர்களா? மே மாதச் சம்பளம் உண்டா? பி.எஃப். பிடிக்கிறீர்களா? அட்மிஷன் பிடிக்க டார்கெட் உண்டா? பஸ் டியூட்டி உண்டா? நடுவில் விலகினால் எத்தனை நாள் நோட்டீஸ்? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு பி.எஃப். விதிகள் பொருந்தும். 10 பேர் இருந்தாலே மகப்பேறு நல விதிகள் பொருந்தும், 2017 திருத்தத்துக்குப் பிறகு அது 26 வார விடுப்பு. இதைக் கேட்பதால் வேலை போகும் என்று பயப்படாதீர்கள். கேட்டவுடன் முகம் சுளிக்கிற இடத்தில் சேர்ந்த பிறகு என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இன்டர்வியூ பள்ளி வளாகத்தில், பள்ளி நேரத்தில் நடக்க வேண்டும். லாட்ஜ், தனி வீடு, இரவு நேரம் என்று அழைத்தால் போகாதீர்கள். தெரியாத ஊருக்கு முதல் தடவை போகும்போது அப்பாவோ அண்ணனோ தோழியோ கூட வரட்டும்.

செல்போன் வழியாக வரும் வலை

“உங்கள் விண்ணப்பம் தேர்வானது, சீருடைக்கும் பயிற்சிக்கும் 2,500 ரூபாய் கட்டுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. தலைப்பில் அரசு முத்திரை இருக்கும், கீழே கையெழுத்து இருக்கும். சர்வ சிக்ஷா, சமக்ர சிக்ஷா பெயர்களில் வேலைவாய்ப்பு அறிவித்து விண்ணப்பக் கட்டணம் வாங்கிய போலி இணையதளங்கள் பற்றி மத்தியக் கல்வி அமைச்சகமே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. தமிழ்நாடு அரசின் பெரும்பாலான இணைய முகவரிகள் ‘டிஎன் டாட் கவ் டாட் இன்’ என்று முடியும், டிஆர்பியின் முகவரியும் அப்படித்தான். அரசு இணையதளத்திலோ அதில் கொடுத்திருக்கும் இணைப்பிலோ தவிர வேறெங்கும் ஆதார் எண், ஓடிபி, வங்கி விவரம் எதையும் போடாதீர்கள்.

டெலிகிராமில் “நாளைய தேர்வின் ஒரிஜினல் கொஸ்டின்” விற்பவரிடமும் பணம் கட்டாதீர்கள். வருவது பழைய வினாத்தாளாக இருக்கும். உண்மையாகவே கசிந்த தாளாக இருந்துவிட்டால் நீங்களும் வழக்கில் சேருவீர்கள்.

அவசரப்படுத்துகிற வதந்திகளுக்கும் பதில் வைத்திருங்கள். “டெட் சர்டிபிகேட் ஏழு வருஷத்துல காலாவதி” என்பார்கள். 2021 ஜூனிலேயே அதன் செல்லுபடி வாழ்நாள் முழுதும் என்று மத்திய அரசு மாற்றிவிட்டது. “வயசு நாப்பது தாண்டுனா அவ்வளவுதான்” என்பார்கள். 2023இல் தமிழ்நாடு அரசு நேரடி நியமன வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53, மற்ற பிரிவுகளுக்கு 58 என்று உயர்த்தியது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டி “கேரண்டி பாஸ்” பேக்கேஜ் விற்கும் மையங்கள் முளைக்கும். எந்த மையமும் தேர்ச்சிக்கு உத்தரவாதம் தர முடியாது.

தேறிய பிறகும் வெளியே நிற்காதீர்கள்

எந்த மோசடிக்காரரும் இல்லாமலே வேலை பறிபோகிற இடம் ஒன்று உண்டு. அது சான்றிதழ் சரிபார்ப்பு. மதிப்பெண் வாங்கிவிட்டு அங்கே தோற்பது பெரிய கொடுமை. இன்றைக்கே இவற்றைப் பாருங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் இறுக்கப்பட்ட பிறகு பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி என்பதற்கு, படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் சான்று வாங்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் இதற்கு முழுத் தகுதி உடையவர்கள். ஆனால் படித்த தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருக்கலாம், ஆவணம் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். அழைப்பு வந்த பிறகு அலைந்தால் கிடைக்காது. இப்போதே வாங்கி வையுங்கள்.

கல்யாணமான பெண்களின் சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் இருந்தால் ஏற்கமாட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம், ஆதார் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இளங்கலையும் முதுகலையும் வேறு வேறு பாடமாக இருந்தால், அல்லது உங்கள் பட்டத்தின் பெயர் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், அது கேட்கப்பட்ட பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிளஸ் 2 முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு இதில் கடும் சிக்கல் வரும்.

பி.எட். மட்டும் முடித்தவர்கள் தொடக்க வகுப்பு வேலையைக் குறிவைத்து வருஷத்தை வீணாக்க வேண்டாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2018 ஜூன் 28 அறிவிக்கை அவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்தது. உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்ததை 2023 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் களம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கான டெட் பேப்பர் 2. “காலேஜுக்கு வரவே வேண்டாம், பி.எட். வாங்கித் தாரேன்” என்பவரிடம் தம்பி தங்கைகளைச் சேர்க்காதீர்கள். 2015இலிருந்து பி.எட். இரண்டு வருஷப் படிப்பு. கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் உண்டா என்று சரிபார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும்.

பணத்துக்குப் பதில் இதைத் தயார் செய்யுங்கள்

டெட்டுக்கும் போட்டித் தேர்வுக்கும் அடிப்படை நம் பள்ளிப் பாடப் புத்தகங்கள்தான். அவை பாடநூல் கழக இணையதளத்தில் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடக்கும், தூத்துக்குடி அலுவலகத்தில் விசாரியுங்கள். டெட்டில் 150 கேள்வி, 150 மதிப்பெண். அதோடு டிஆர்பியின் போட்டித் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த் தாளும் உண்டு. அதில் தகுதி மதிப்பெண் எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியமாக விடாதீர்கள்.

தனியார் பள்ளி இன்டர்வியூவில் வேலையைத் தீர்மானிப்பது டெமோ கிளாஸ். பத்துப் பதினைந்து நிமிஷம்தான் தருவார்கள். அதற்குள் முழுப் பாடத்தையும் கொட்டாதீர்கள். ஒரே ஒரு கருத்தை எடுங்கள். முதலில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி, பிறகு விளக்கம், போர்டில் தெளிவான ஒரு படம், கடைசியில் புரிந்ததா என்று சோதிக்க இரண்டு கேள்வி. அறிவியல் எடுப்பவர் ஒரு கை கரிசல் மண்ணும் ஒரு கை மணலும் கொண்டுபோய், எது தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்று காட்டலாம். பாடமும் புரியும், உங்கள் துணிச்சலும் தெரியும்.

ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள் நம் பக்கம் அதிகம். வகுப்பறைக்கு வேண்டிய ஆங்கிலம் கொஞ்சம்தான். உட்கார், எழுது, கவனி, ஏன், எப்படி, இன்னொரு தடவை சொல் என்று அன்றாடம் புழங்கும் ஐம்பது அறுபது வாக்கியங்களை வாய்விட்டுப் பழகுங்கள். செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். வீட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதிப் பழகுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து நடத்துங்கள். அவர்கள் எங்கே கொட்டாவி விடுகிறார்களோ அங்கே உங்கள் பாடத்தைத் திருத்த வேண்டும்.

“மெதுவாகப் படிக்கும் பிள்ளையை என்ன செய்வீர்கள்?”, “வகுப்பு அடங்கவில்லை என்றால்?”, “பெற்றோர் சண்டைக்கு வந்தால்?” என்பவை எந்தப் பள்ளியிலும் வரும் கேள்விகள். புத்தகப் பதில் வேண்டாம். கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் நீங்கள் கண்ட ஒரு பிள்ளையை வைத்துச் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் “நீங்க கொடுக்கிறதைக் கொடுங்க சார்” என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்துப் பள்ளிகளில் விசாரித்து, ஒரு தொகையைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா?

வெட்கத்தில் மறைக்காதீர்கள். மறைப்பதை நம்பித்தான் அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள்.

போன் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். ஆள் நேரில் வாங்கியிருந்தால், பணம் எடுத்த வங்கிப் பதிவு, செல்போன் பேச்சு, வாட்ஸ்அப் செய்தி, போலி ஆணை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கோ மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கோ போய் மனுக் கொடுங்கள், மனு ரசீது வாங்குங்கள். இது மோசடிக் குற்றம். 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்ததென்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318 பொருந்தும்.

வாங்கியவர் அரசு ஊழியர் என்றால் இன்னும் வேகம் வேண்டும். 2018இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அந்தக் குற்றத்திலிருந்து விலக்கு உண்டு. லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். போகும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். “இன்னொரு அம்பதாயிரம் கட்டுனா முடிஞ்சிரும்” என்று அவர் கேட்டால் கொடுக்காதீர்கள். விட்டதைப் பிடிக்கப் போனால் இருக்கிறதும் போகும்.

அப்பா அம்மாக்களே, வீட்டில் இருக்கிற பிள்ளையை “எப்போ வேலை, எப்போ வேலை” என்று தினமும் குத்தாதீர்கள். புரோக்கரைத் தேடிப் போகிறவர்களில் பலர் அந்தக் குத்தலைத் தாங்காமல் போகிறவர்கள். ஒரு வருஷம் நிம்மதியாகப் படிக்க இடம் கொடுங்கள். தம்பி தங்கைகளே, இந்த வாரமே மூன்று காரியம் செய்யுங்கள். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பெயரும் இனிஷியலும் சரிபாருங்கள். தமிழ் வழிச் சான்றுக்குப் படித்த பள்ளிக்குப் போய் எழுதிக் கொடுங்கள். டிஆர்பி இணையதளத்தில் கடைசி அறிவிக்கையை நீங்களே முழுதாகப் படியுங்கள். பிறகு புரோக்கரின் பெயர் தெரிந்தால், உங்கள் தெருவில் அடுத்து எந்த வீட்டில் பி.எட். முடித்த பிள்ளை இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.